லெகோ மினிஃபிகர் (சிறு மனித உருவப் பொம்மை) பாகங்களைக் கலந்து எல்ஃப் (கூரான காதுள்ள மாயக்கதை உருவம்), குள்ள வீரர், மந்திரவாதி போன்ற உருவங்களைச் செய்வது எப்படி? என்ன வாங்க வேண்டும், பாகங்கள் உடையாமல் எப்படிக் கழற்றுவது?

கழுத்திலிருந்து தொடங்குங்கள். பலரும் முதலில் முகத்தையும் ஆயுதத்தையும் தேர்ந்தெடுத்து வாங்கிவிடுகிறார்கள். கடைசியில் எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்தால் தலை நிற்பதில்லை. மாயக்கதை உருவங்களுக்கே உரிய பாகங்களில் பெரும்பகுதி கழுத்துத் தண்டில்தான் ஏறுகிறது: நீண்ட தாடி, துணி கேப் (முதுகில் தொங்கும் போர்வை), மார்புக் கவசம், அம்பறாத்தூணி, இறக்கை. அந்தத் தண்டோ மிகக் குட்டையானது. ஒவ்வொரு வளையம் ஏறும்போதும் தலைக்குள் நுழைய மிச்சமிருக்கும் நீளம் குறைகிறது.

நடைமுறையில் தாங்கும் அளவு இதுதான்: கெட்டியான பிளாஸ்டிக் வளையம் ஒன்று, அதற்கு அடியில் துணி ஒன்று. துணி எப்போதும் கீழே, பிளாஸ்டிக் மேலே. தாடியும் வேண்டும், அம்பறாத்தூணியும் வேண்டும் என்றால் கேப்பை விட்டுவிடுங்கள்; அப்போதும் தலை சற்றுத் தூக்கலாகத்தான் நிற்கும். சரியாக அமர்ந்ததா என்று பார்க்க உருவத்தைத் தலைகீழாகப் பிடித்து லேசாக உதறுங்கள். தலை கழன்று விழுந்தால் ஏதாவது ஒரு வளையத்தைக் குறைத்தே ஆக வேண்டும். பசை போட்டுச் சரிக்கட்ட நினைக்காதீர்கள், அந்தத் தலையும் உடலும் பிறகு எதற்கும் உதவாது.

கழுத்தில் என்ன வரப்போகிறது என்று முடிவான பிறகு டார்சோவை, அதாவது உடற்பகுதியைத் தேடலாம். பாக எண்கள் தெரிந்திருந்தால் தேடுவது எளிது. டார்சோவுக்கு 973, தலைக்கு 3626, இடுப்பும் காலும் சேர்ந்த பகுதிக்கு 970, கொக்கி வடிவக் கைக்கு (இனி, கொக்கி) 983. லெகோ பாகங்கள் விற்கும் பிரிக்லிங்க் தளத்தில் 973-க்குப் பின்னால் வரும் எண் அச்சு எது என்பதைக் குறிக்கும். அதற்கும் பின்னால் 'சி' என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் தோளும் (உடலில் மாட்டும் முழுக்கை) கொக்கியும் மாட்டியே வருகிறது என்று பொருள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இப்படி முழுதாக மாட்டிய டார்சோவையே வாங்குங்கள். விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. இந்தப் பொழுதுபோக்கில் அதிகம் உடைவது டார்சோதான், அதுவும் தோளைக் கழற்றி மாட்டும்போதுதான்.

அது உடைவதற்குக் காரணம் எளியது. டார்சோ உள்ளே வெற்றிடமான, மெல்லிய சுவர் கொண்ட ஏபிஎஸ் பிளாஸ்டிக் பெட்டி. தோளின் உருண்டை முனை உள்ளே நுழையும்போது பக்கச் சுவர் வெளியே வளைகிறது. திரும்பத் திரும்ப வளைந்தால், கீழ் விளிம்பிலிருந்து அக்குள் வரை மயிரிழை போல விரிசல் ஓடுகிறது. கழற்றியே தீர வேண்டும் என்றால் முதலில் உடலைக் காலிலிருந்தும் தலையிலிருந்தும் பிரித்துக்கொள்ளுங்கள். தோளின் மேற்பகுதியை இரண்டு விரலால் பிடித்து, முன்னும் பின்னும் மெல்ல ஆட்டியபடி பக்கவாட்டில் இழுங்கள். முழங்கைப் பக்கம் பிடித்து நெம்பக் கூடாது. மாட்டும்போது உருண்டையைச் சற்றுச் சாய்வாக வைத்து ஒரே அழுத்தில் உள்ளே தள்ளுங்கள். இடத்தோளும் வலத்தோளும் வேறு வேறு பாகங்கள், மாறினால் நிற்காது. ஒரு டார்சோவுக்கு ஒருமுறை தோள் மாற்றலாம். அதற்கு மேல் செய்தால் விரிசலை எதிர்பார்க்கத்தான் வேண்டும்.

கொக்கியை மாற்றுவது அவ்வளவு ஆபத்தில்லை. திருகிக்கொண்டே நேராக இழுத்தால் வந்துவிடும். வழுக்கினால் ரப்பர் துண்டு ஒன்றைச் சுற்றிப் பிடியுங்கள், குறடு போட்டால் தழும்பு விழும்.

இந்தக் கொக்கி மாற்றத்தில்தான் கலவையின் பெரிய சிக்கலுக்குத் தீர்வும் இருக்கிறது. லெகோவில் தோல் நிறம் ஒன்றல்ல. கோட்டை, கடற்கொள்ளையர் போன்ற சொந்தத் தொடர்களில் மஞ்சள். 2003 முதல், திரைப்படம் போன்றவற்றின் உரிமம் பெற்ற தொடர்களில் மனிதத் தோல் நிறங்கள் வந்தன. மஞ்சள் கொக்கியுள்ள டார்சோவில் வெளிர்த்தோல் முகத்தை வைத்தால் எவ்வளவு நல்ல உருவமும் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். கழுத்துப் பகுதியில் தோல் தெரியாத டார்சோவாகப் பார்த்து, கொக்கிகளைக் கறுப்பாகவோ அடர்பழுப்பாகவோ மாற்றிவிட்டால் அவை கையுறையாகிவிடுகின்றன. டார்சோ எந்தத் தொடரிலிருந்து வந்திருந்தாலும் எந்த முகமும் பொருந்தும். கறுப்புக் கொக்கி பத்தும் பழுப்புக் கொக்கி பத்தும் கையில் வைத்திருங்கள். மிக மலிவான பாகம் அதுதான், பயனோ அதிகம்.

எல்ஃப் செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூரான காது தலையில் இல்லை, முடியோடு சேர்த்து வார்க்கப்பட்டிருக்கும். ஆகவே முடி வாங்கும்போதே காதின் நிறம் முகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இருபக்க முகம் அச்சான தலை என்றால், பின்னங்கழுத்து வரை மறைக்கும் முடி தேவை. குட்டை முடி போட்டால் பின்பக்கத்து வாய் எட்டிப் பார்க்கும்.

நிறத்தில் இன்னொரு பொறி, பழையதையும் புதியதையும் கலப்பது. 2004-ஐ ஒட்டி லெகோ தன் சாம்பல் நிறங்களையும் பழுப்பையும் மாற்றியது. புதிய சாம்பலில் நீலச் சாயல், புதிய பழுப்பில் செம்மை. பழைய வீரனின் காலையும் புதிய டார்சோவையும் சேர்த்தால் நிழலில் தெரியாது, வெயிலில் பளிச்சென்று தெரியும். அடர்சிவப்பு, செம்பழுப்பு நிறப் பழைய பாகங்கள் மற்ற நிறங்களைவிட எளிதில் நொறுங்கக்கூடியவை. குறிப்பாக அந்த நிறக் கொக்கிகளிலும் கவ்விகளிலும் ஆயுதத்தை அடிக்கடி மாற்றாதீர்கள்.

கால்தான் இனத்தைத் தீர்மானிக்கிறது. மடங்காத குட்டைக்கால் 2002-இல் வந்தது. குள்ளர், கோப்ளின், ஹாஃப்லிங் மூவருக்கும் அதுதான். மடங்கும் நடுத்தரக்கால் 2018-இல் வந்தது, அது இளைஞர்களுக்குச் சரி. குட்டைக்காலுக்கு வழக்கமான நீளக் கேப் போட்டால் தரையில் மடிந்து உருவத்தை முன்னே தள்ளும், குட்டைக் கேப்பாக வாங்குங்கள். சூனியக்காரிக்கும் அரசிக்கும் 2×2×2 சரிவுக்கல்லை, அதாவது 3678-ஐ, பாவாடையாக வைக்கலாம். ஆனால் குதிரையில் உட்கார வைக்க முடியாது. கடற்கன்னி வாலும் நாகவாலும் இடுப்பையும் சேர்த்தே மாற்றிவிடும். டார்சோவில் இடுப்புக்கச்சை பாதி அச்சாகி மீதி காலில் தொடர்வதாக இருந்தால், அந்த டார்சோவை வாலோடு சேர்க்காதீர்கள். அறுபட்ட கச்சை உடனே கண்ணில் உறுத்தும்.

ஒரு குள்ள வீரரை முழுதாகப் பார்ப்போம். அடர்பழுப்புக் குட்டைக்கால் 1, நீண்ட தாடி 1, கோபமான புருவமுள்ள தலை 1, தோல்வார் அச்சுள்ள டார்சோ 1, கறுப்புக் கொக்கி 2, தலைக்கவசம் 1, கோடரி 1. தாடி நெஞ்சை முழுக்க மறைத்துவிடுவதால் டார்சோவின் முன் அச்சுக்காகப் பணம் செலவிட வேண்டாம். முதுகில் வார் அச்சு இருந்தால் போதும். கழுத்தில் தாடி ஏறிவிட்டதால் மார்புக் கவசத்தை விட்டுவிடுங்கள். தலைக்கவசத்தைத் தாடை மறைக்காத வகையாகப் பாருங்கள். தாடையைச் சுற்றிவரும் பழைய வீரத் தலைக்கவசம் தாடியில் இடித்து மேலே தூக்கிக்கொள்ளும். நிறம் மூன்றுக்குள் இருக்கட்டும்: பழுப்பு, கறுப்பு, ஓர் உலோக நிறம். தலைக்கவசம் வெள்ளி என்றால் கோடரியும் வெள்ளி. முத்துத்தங்கத்தையும் (முத்துப் பளபளப்புள்ள தங்க நிறம்) வெள்ளியையும் ஒரே உருவத்தில் சேர்த்தால் இரண்டுமே எடுபடாது.

மந்திரவாதியின் கோலுக்குத் தனிப்பாகம் தேட வேண்டியதில்லை. கொக்கி பிடிப்பது 3.18 மி.மீ. தடிமனுள்ள கம்பியை. நான்கு குமிழ் நீளக் கம்பி ஒன்றின் நுனியில், குமிழில் துளையுள்ள 1×1 வட்டத் தட்டைச் செருகி, அதன்மேல் கண்ணாடிப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வையுங்கள். துளையில்லாத குமிழுள்ள தட்டு கம்பியில் நிற்காது, வாங்கும்போது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கம்பியைக் கொக்கிக்குள் பக்கவாட்டில் நெருக்காமல் நுனி வழியாகச் செருகினால் கொக்கி நாள்பட உழைக்கும். கண்ணாடிப் பிளாஸ்டிக்கின்மேல் இன்னொரு கண்ணாடிப் பிளாஸ்டிக்கை அழுத்தாதீர்கள், இறுகிப் பிரியாமல் போகும்.

மிருகத் தலை வைக்கும்போது அது முழுத்தலையா, சாதாரணத் தலைமேல் கவிழ்க்கும் முகமூடியா என்று தெரிந்துகொள்ளுங்கள். முகமூடி என்றால் உள்ளே ஒரு தலையும் வாங்க வேண்டும். பிடரியோ மூக்கோ கீழே தொங்கும் வார்ப்பில் கேப்பும் அம்பறாத்தூணியும் இடிக்கும். அங்கே கழுத்தை வெறுமையாக விட்டு, கையில் உள்ளதை மட்டும் பெரிதாக்குங்கள்.

பாகங்களுக்காக, உள்ளே எந்த உருவம் என்று தெரியாத மர்மப் பெட்டிகளை வாங்கிக் குவிக்க வேண்டாம். 2010-இல் தொடங்கிய சேகரிப்புத் தொடர் முதலில் பையில் வந்தது, தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடிந்தது. 2023-இலிருந்து அட்டைப்பெட்டி, அந்த வழி அடைபட்டுவிட்டது. ஒரே விதிவிலக்காக 2024-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொடரைச் சொல்வேன். 12 உருவங்களும் மாயக்கதைக்காரர்கள் என்பதால் எது வந்தாலும் ஏதாவது ஒரு பாகம் பயன்படும். லெகோ கடைக்குப் போக வாய்த்தால் 'பில்ட் எ மினிஃபிகர்' மேடையில் தலை, டார்சோ, கால், முடி, ஆளுக்கொரு கைப்பொருள் என்று மூன்று உருவங்களை நீங்களே பொறுக்கி ஒரு பெட்டியில் வாங்கலாம். அங்கே அச்சுள்ள டார்சோவை முதலில் எடுங்கள், கறுப்புக்கால் எங்கும் கிடைக்கும்.

பிரிக்லிங்கில் வாங்கும்போது தேவைப்பட்டியலை முழுதாக எழுதி முடித்து, அதில் அதிகமான பாகங்களை வைத்திருக்கும் ஒரே விற்பனையாளரிடம் வாங்குங்கள். நான்கு பேரிடம் நான்கு நான்காக வாங்கினால் தபால் செலவு பாகங்களின் விலையைத் தாண்டிவிடும். பழைய டார்சோ என்றால் அக்குளின் படத்தைக் கேட்டுப் பெறுங்கள். கழுத்துத் தண்டின் உச்சியில் லெகோ என்ற எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வந்தவற்றைக் கழுவ 40 டிகிரிக்கு மேற்படாத தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். நகப்பூச்சு நீக்கியை அருகில் கொண்டுவராதீர்கள், அசிட்டோன் ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும். கேப்பைக் கழுவ வேண்டாம், மொடமொடப்பு போய்விடும். அதைக் கழற்றும்போது ஓரத்தைப் பிடித்து இழுக்காமல், துளையின் இருபுறமும் விரலை வைத்து மேலே தூக்குங்கள். துளைக்கும் விளிம்புக்கும் நடுவே உள்ள மெல்லிய பட்டைதான் முதலில் கிழியும்.

சேகரிப்புத் தொடரின் அரிய உருவம் ஒன்றைப் பிரிப்பதாக இருந்தால், முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொண்டு, மிச்சப் பாகங்களை அது நிற்கும் 3×4 கறுப்புத் தட்டோடு ஒரே ஜிப் பையில் போட்டு வையுங்கள். முழுதாக இருந்தால்தான் அதற்கு விலை, ஒரு கைப்பொருள் குறைந்தாலும் விலை இறங்கிவிடும்.