கேள்வி பதில்: ரியர் அட்மிரல் கிறிஸ்டோபர் கிரடாக்

கேள்வி: பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி கிரடாக் என்றாலே, முதல் உலகப் போரில் சிலி நாட்டுக் கடலோரம் ஜெர்மானியரிடம் தோற்ற 1914 கொரோனெல் கடற்போர்தான் ஞாபகம் வருகிறது. அதற்கு முன் என்ன சாதித்தார்?

பதில்: நிறைய. 1862-ல் யார்க்‌ஷயரில் பிறந்தவர், சிறுவனாகவே கடற்படையில் சேர்ந்துவிட்டார். 1900-ல் சீனாவின் டாக்கு கோட்டைகளைப் பிடித்தபோது தரையில் இறங்கிப் போரிட்டார். 1911 டிசம்பரில் மொராக்கோ கரையில் 'டெல்லி' என்ற பயணிகள் கப்பல் தரைதட்டியது. மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் தங்கை குடும்பத்தோடு அதில் இருந்தார். அந்த மீட்புப் பணியை நடத்தியதற்காகத்தான் கிரடாக்குக்கு 'சர்' பட்டம் கிடைத்தது.

கேள்வி: பெரிய பீரங்கிகள் கொண்ட 'கனோபஸ்' போர்க்கப்பலை விட்டுவிட்டு கொரோனெல் சண்டைக்கு ஏன் போனார்? முட்டாள்தனம் இல்லையா?

பதில்: அப்படிச் சொல்வது அநியாயம். கனோபஸ் பழைய கப்பல். 12 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்துக்கு மேல் ஓடாது என்று அவருக்குத் தகவல் வந்திருந்தது. ஜெர்மானிய அட்மிரல் ஷ்பேயின் கப்பல்களோ 20 நாட் வேகத்தைத் தாண்டும். அதைக் கூடவே வைத்துக்கொண்டு எதிரியைத் துரத்த முடியாது. 'டிஃபென்ஸ்' என்ற வலுவான கப்பலைக் கேட்டார், அதுவும் வரவில்லை. எதிரியைத் தேடு என்றும் கனோபஸோடு சேர்ந்தே இரு என்றும் லண்டன் சொன்னால் மனிதர் என்னதான் செய்வார்? அதோடு, சில வாரங்களுக்கு முன்புதான் மத்தியதரைக் கடலில் 'கோபென்' என்ற ஜெர்மானியக் கப்பலோடு மோதாமல் விட்டதற்காக பிரிட்டிஷ் அட்மிரல் ட்ரூபிரிட்ஜை விசாரணைக்கு இழுத்திருந்தார்கள். அது கிரடாக் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

கேள்வி: சண்டை எப்படி நடந்தது?

பதில்: நவம்பர் 1, சிலி கடலோரம், பலத்த காற்று. சூரியன் மறைந்ததும் மேற்கே நின்ற பிரிட்டிஷ் கப்பல்கள் செவ்வானத்தில் பளிச்சென்று தெரிந்தன. ஜெர்மானியர் கரையோர இருட்டில் மறைந்துவிட்டார்கள். கிரடாக்கின் 'குட் ஹோப்'பில் 9.2 அங்குலப் பீரங்கிகள் இரண்டே இரண்டு. முன்பக்கத்து ஒன்று ஆரம்பத்திலேயே நொறுங்கியது. கீழ்த்தளப் பீரங்கிகளை அலை அடித்து இயக்க முடியவில்லை. குட் ஹோப், கூட வந்த 'மான்மத்' கப்பல் இரண்டும் மூழ்கின. சுமார் 1,600 பேர், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

கேள்வி: எம்டனுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. எம்டன், ஷ்பேயின் படையிலிருந்து ஆகஸ்டில் பிரிந்து வந்த கப்பல்தான். செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது அதுவே.

கேள்வி: அப்புறம் கனோபஸ் என்ன ஆனது?

பதில்: தென் அட்லாண்டிக்கில் பிரிட்டிஷ் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளின் ஸ்டான்லி துறைமுகத்தில் சேற்றில் ஏற்றி, கோட்டை மாதிரி நிறுத்தினார்கள். டிசம்பர் 8-ல் ஷ்பே அங்கே வந்தபோது முதல் குண்டைச் சுட்டது கனோபஸ்தான்.