சைவப் பெற்றோருடன் அடோரா மேஜிக் சிட்டி

ஷாங்காயிலிருந்து கிளம்பும் இந்தக் கப்பல் சைவம் சாப்பிடும் பெற்றோருக்குச் சரிப்படுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக ஏறலாம். தாத்தா, பாட்டி, பேரன் என்று கூட்டமாக வரும் சீனக் குடும்பங்களை மனத்தில் வைத்துத்தான் 5,246 பேர் தங்கும்படி கட்டினார்கள். தேநீர்க் கூடம், மாஜாங் (கட்டைகளை வைத்து ஆடும் சீன ஆட்டம்) மேசை எல்லாம் உண்டு. இடிப்பது சாப்பாடுதான். ஹாட்பாட்டில் (மேசையில் கொதிக்கும் சாற்றிலேயே வேகவைத்துச் சாப்பிடும் சீன உணவு) கீரையும் காளானும் மட்டுமே போட்டாலும், கொதிக்கிற சாறு பெரும்பாலும் எலும்பில் காய்ச்சியது. உட்காரும்போதே ‘வோ ச்சி சு’ (நான் சைவம்) என்று சொல்லி, சாறு எதில் செய்தது என்று கேளுங்கள்.

அதைவிட முக்கியம் விசா. கப்பலில் தென் கொரியாவின் ஜெஜு போன்ற வெளிநாட்டுத் துறைமுகத்துக்குப் போய்த் திரும்புவது மறுபடி சீனாவுக்குள் நுழைவதாகும். பெற்றோரிடம் ஒருமுறை நுழைவு விசா மட்டும் இருந்தால், டிக்கெட் வாங்காதீர்கள்.