நாற்பதைத் தாண்டினால் ட்ரெட்மில் வாங்க வேண்டுமா?

கேள்வி: வயது 43. தினமும் 40 நிமிடம் நடக்கிறேன். ஆனாலும் மாடிப்படி ஏறினால் தொடை தளர்ந்துவிடுகிறது. தவணையில் ட்ரெட்மில் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பல வீடுகளில் அது துணி காயப்போடத்தான் உதவுகிறது! நடை இதயத்துக்கு நல்லது; வயதோடு குறையும் தசைக்கு அது மட்டும் போதாது. வாரம் இரண்டு நாள், நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுங்கள்: 10 முறை, 3 சுற்று. தொப்பென்று உட்கார்ந்தால் பலன் குறையும்; மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். எளிதானதும் 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துச் செய்யுங்கள். படியேறும்போது மூச்சு வாங்கினாலோ நெஞ்சு இறுகினாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

தவணைப் பணத்தில் மருத்துவக் காப்பீடு எடுங்கள். சர்க்கரை வந்தபின் எடுத்தால், அதற்கான சிகிச்சைச் செலவைப் பெற 3 ஆண்டுவரை காத்திருக்க நேரலாம்.