முதலில் தேதியைப் பாருங்கள்

கேள்வி: 28 வயதில் நிலையான வேலையை விட்டுவிட்டு நண்பரோடு சேர்ந்து தொழில் தொடங்கினேன். மூன்றே வருடத்தில் மூட வேண்டியதாயிற்று. மனைவி அன்றே வேண்டாம் என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது வயது 41. கடன் அடைந்துவிட்டது. ஆனால் ராத்திரியானால், ‘முட்டாளே, இதுகூடத் தெரியவில்லையா உனக்கு?’ என்று என்னையே திட்டிக்கொண்டு புரள்கிறேன். இந்தக் கோபத்தை எப்படி அடக்குவது?

பதில்: அடக்க வேண்டாம், பிரித்துப் பாருங்கள். ‘இதுகூடத் தெரியவில்லையா’ என்று கேட்பவருக்கு 41 வயது. கதை எப்படி முடிந்தது என்று அவருக்குத் தெரியும். திட்டு வாங்குபவருக்கு 28, அவருக்குத் தெரியாது. நீங்கள் நடத்திக்கொண்டிருப்பது நியாயமான விசாரணை இல்லை.

முடிவு தெரிந்த பிறகு, ‘இது அப்போதே தெரிந்ததுதானே’ என்று எல்லோருக்கும் தோன்றும். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் போவதற்கு முன், அங்கே என்னென்ன நடக்கக்கூடும் என்று மாணவர்களைக் கணிக்கச் சொன்னார்கள் ஃபிஷாஃப், பெய்த் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள். பயணம் முடிந்தபின், ‘அன்று நீங்கள் சொன்ன கணிப்பை நினைவுபடுத்திச் சொல்லுங்கள்’ என்றார்கள். நடந்துவிட்ட விஷயங்களுக்கு, தாங்கள் முன்பு கொடுத்ததைவிட அதிக வாய்ப்புக் கொடுத்திருந்ததாகவே பெரும்பாலோர் சொன்னார்கள். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. நினைவே மாறிவிட்டது. உங்கள் நினைவும் 13 வருடமாக அப்படி மாறிக்கொண்டேதான் வந்திருக்கும்.

அதனால் காகிதத்தில் செய்யுங்கள். பகலில், அரை மணி நேரம் போதும். ஒரு தாளை மூன்று பத்தியாக மடியுங்கள். முதல் பத்தியில், வேலையை விட்ட அந்த மாதத்தில் உங்களுக்குத் தெரிந்திருந்தவை. இரண்டாவதில், கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், ஆனால் கேட்காமல் விட்டவை. மூன்றாவதில், பின்னால்தான் நடந்தவை. முதல் பத்திக்கு மட்டும் கண்டிப்பான விதி: அன்று யாராவது வாய்விட்டுச் சொன்னது, எழுத்தில் இருந்தது, நீங்கள் கண்ணால் பார்த்தது, இவை மட்டுமே அங்கே வரலாம். ‘உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது’ என்பதைச் சேர்க்காதீர்கள். அந்த உறுத்தல் பெரும்பாலும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மூன்றாம் பத்திச் சரக்கை முதல் பத்தியில் எழுதிவிட்டு, தாளையே குற்றப்பத்திரிகை ஆக்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அது தெரியவந்த மாதத்தையும் வருடத்தையும் குறியுங்கள். போட முடியாத வரியை அடித்துவிடுங்கள்.

மூன்றாம் பத்தியில் உள்ளவற்றுக்காக வருத்தப்படலாம், கோபப்பட இடமில்லை. ஆனால் உங்கள் மனைவி சொன்னது முதல் பத்தியில்தான் வரும். அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. அவர் சொன்னதை நீங்கள் கேட்காதது தவறுதான், அதற்கு மட்டும் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். அவரிடம் போய், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: “நீ அன்னைக்கு வேண்டாம்னு சொன்னே. நான் காது கொடுத்துக்கூடக் கேட்கலை. அது என் தப்பு.” அத்தோடு நிறுத்துங்கள். ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று நீங்கள் அழ ஆரம்பித்தால், அவர் தன் வருத்தத்தை ஒதுக்கிவைத்துவிட்டு உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். 13 வருடம் பொறுத்தவருக்கு அந்த வேலையையும் கொடுக்காதீர்கள்.

திட்டுவதை விட்டால் பொறுப்பில்லாதவனாகிவிடுவோமோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கலாம். 2010இல் வெளியான கனடா ஆய்வு ஒன்று நேர்மாறாகச் சொல்கிறது: முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்ட மாணவர்களில், தங்களை மன்னித்துக்கொண்டவர்களே அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். திட்டு விழும் இடத்தை மனம் திரும்பிப் பார்க்க விரும்பாது. பார்க்காதவரை அங்கே கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

ராத்திரி விஷயம். இருபது நிமிடம் போல் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய், மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். தூக்கம் வந்தபின் படுங்கள். படுக்கையிலேயே கிடந்தால், படுக்கை என்றாலே திட்டு நேரம் என்று உடம்பு பழகிவிடும். திட்டு தொடங்கும்போது ‘நான் ஏன் அப்படிச் செய்தேன்’ என்பதை விட்டு, உங்கள் பெயரைச் சொல்லி, மூன்றாம் மனிதரிடம் கேட்பதுபோல் கேளுங்கள்: ‘நாளைக்கு இவர் என்ன செய்யலாம்?’ தலையணையைக் குத்தி ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ளும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கோபத்தை நினைத்துக்கொண்டே குத்தினால் அது ஏறத்தான் செய்யும்.

இனிமேல் பெரிய முடிவு எதுவானாலும், எடுக்கும் அன்றே ஒரு பக்கம் எழுதித் தேதி போட்டு வையுங்கள்: என்ன எதிர்பார்க்கிறேன், எதை நம்பி, யார் வேண்டாம் என்கிறார்கள், ஏன். நாளைக்கு நினைவு மாறினாலும் அந்தப் பக்கம் மாறாது.

தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாத நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், தாளும் பேனாவும் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். ‘நான் இல்லாமல் போனால் தேவலை’ என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காமல், அன்றே மனைவியிடம் சொல்லி அவரோடு கிளம்புங்கள்.