கேளுங்கள்: ஐந்து நாளுக்கு ஐந்து லிட்டர்

கேள்வி: மொட்டைமாடியில் நான்கு பைகளில் தக்காளியும் கத்தரியும் வளர்க்கிறேன். மே மாதம் ஐந்து நாள் வெளியூர் செல்ல வேண்டியுள்ளது. இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டிலின் மூடியில் துளையிட்டு, தலைகீழாக மண்ணில் செருகிப் பார்த்தேன்; ஒரு மணி நேரத்தில் காலியாகிவிட்டது. என்ன செய்யலாம்?
வாசகி, திருச்சி.

பதில்: துளையை எதனால் இட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை; ஆணியைக் காய்ச்சிக் குத்தியிருந்தால் அது பெரிதாகத்தான் விழுந்திருக்கும். தையல் ஊசியால் ஒரே ஒரு துளை போதும். பாட்டிலின் அடியை வெட்டிவிட்டால் காற்று தாராளமாக நுழைந்து நீர் விரைந்து இறங்கும். வெட்டாமல் விட்டாலோ, காற்று உள்ளே வருவதற்கும் அதே துளைதான் வழி என்பதால், நீர் தயங்கித் தயங்கியே வெளியேறும். தென்னைநார்க் கழிவு மிகுந்த பொலபொலப்பான கலவையில் மூடியைச் சுற்றிலும் இடைவெளி விழுந்துவிடுகிறது. அங்கே கலவையை அழுத்திவிடுங்கள். நண்பகலில் பாட்டிலுக்குள் இருக்கும் காற்று சூடேறி விரிந்து நீரை வெளியே தள்ளும். பழந்துணி சுற்றினால் அது தணியும், பாசியும் குறையும்.

ஆயினும், காய்ப்புக்கு வந்த தக்காளிச் செடி உங்கள் ஊர் வெயிலில் நாளொன்றுக்கு ஒரு லிட்டராவது கேட்கும் என்பதால், இரண்டு லிட்டர் பாட்டில் எவ்வளவு மெதுவாகச் சொட்டினாலும் ஐந்து நாள் தாங்காது. நன்கு கழுவிய 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பைகளுக்கும் கணக்குச் சரியாக இருக்கும். வாளியின் அடிப்பகுதி பைகளின் மண்மட்டத்தைவிட உயரமாக இருக்குமாறு முக்காலியின்மேல் வைத்து, பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து முறுக்கிய நான்கு திரிகளை முழுக்க நனைத்து, ஒரு முனை வாளியின் அடியைத் தொடவும் மறுமுனை பையின் மண்ணுக்குள் நான்கு விரற்கடை புதையவும் விடுங்கள். பாலியஸ்டர் கலந்த வேட்டி இதற்கு உதவாது. வெளியே தெரியும் திரி வெயிலில் காயாதிருக்க, பழைய ரப்பர் குழாய்த் துண்டுக்குள் அதை நுழைத்துவிடலாம். திரி செல்லும் இடம் மட்டும் விட்டு வாளியை இறுக மூடுங்கள். இல்லையேல் திரும்பி வரும்போது வீட்டில் கொசுதான் வரவேற்கும்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே சோதித்துவிடுங்கள். திரியின் முனையை, அது பையில் புதையும் அதே உயரத்தில் ஒரு டம்ளருக்குள் ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, சேர்ந்த நீரை இருமல் மருந்தின் 10 மில்லி அளவு மூடியால் அளந்தால் நான்கு மூடி இருக்க வேண்டும். அதுவே நாளுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர். குறைந்தால் திரியைத் தடிப்பாக்குங்கள், மிகுந்தால் மெலிதாக்குங்கள். நான்கு பைகளையும் நிழல்வலையின்கீழ் நெருக்கி வைத்து, மண்ணின்மேல் சருகு பரப்பினால் இந்த நீரே சற்று மிஞ்சவும் கூடும்.

மருத்துவமனையில் பயன்படுத்திய குளுக்கோஸ் குழாய்களைச் சிலர் கேட்டு வாங்கிவந்து சொட்டுநீருக்குக் கட்டுகிறார்கள். அவை மருத்துவக் கழிவு, வேண்டாம். மருந்துக்கடையில் புதிதாகவே வாங்கலாம். கழுத்துவரை மண்கலயம் புதைக்கும் முறை தரையில் நட்ட செடிகளுக்கு மிக நன்று. பையில் வைத்தால் வேருக்கு இடம் இராது. அதற்கும் குழம்பு வைத்த பழைய சட்டி ஆகாது, எண்ணெய் ஏறி அதன் நுண்துளைகள் அடைபட்டிருக்கும்.