777 போட்டால் தீர்ந்துவிடுமா? பழைய யுனிக்ஸ் பெர்மிஷன் கேள்வி பதில்

ஒரே மெஷின், அதில் இருபது டெர்மினல், இருபது பேருக்கும் தனித்தனி லாகின். அந்த மாதிரி யுனிக்ஸ் சிஸ்டங்களோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் என்பதால், ஒரு ஃபைலை யார் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்ற பெர்மிஷன் கேள்விகளை எல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டார்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: 644, 750 என்கிறார்களே, இந்த எண்கள் எப்படி வருகின்றன சார்?

படிக்க 4, எழுத 2, இயக்க 1. வேண்டியதைக் கூட்டிக்கொள்ளுங்கள். முதல் இலக்கம் ஃபைலின் சொந்தக்காரருக்கு, அடுத்தது குரூப்புக்கு, கடைசி மற்றவர்களுக்கு. 750 என்றால் சொந்தக்காரருக்கு மூன்றும் உண்டு, குரூப் படிக்கலாம், இயக்கலாம், மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. மனப்பாடம் வேண்டாம், இரண்டு நாள் டைப் அடித்தால் கைக்கு வந்துவிடும்.

கேள்வி: என் ஃபைலுக்கு 444 வைத்திருந்தேன். நானே கூட எழுத முடியாது. ஆனால் பக்கத்து சீட்டுக்காரர் அதை அழித்துவிட்டார். எப்படி?

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். டைரக்டரி என்பது ஒரு பட்டியல். பெயர், அதற்கு நேராக ஐநோட் எண் (டிஸ்கில் அந்த ஃபைலைக் குறிக்கும் எண்), அவ்வளவுதான். ஃபைலை அழிப்பது என்றால் அந்தப் பட்டியலில் ஒரு வரியை அடிப்பது. ஃபைலுக்குள் யாரும் எழுதவில்லையே! ஆகவே சிஸ்டம் பார்ப்பது டைரக்டரியில் எழுத அனுமதி இருக்கிறதா என்பதை மட்டும்தான். அழிக்கும் ஆர்எம் கட்டளை மரியாதைக்கு ஒரு தடவை கேட்கும். அவர் 'ஒய்' தட்டினால் போயே போச்சு. பெர்மிஷன் சிக்கல் என்று யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஃபைலை அல்ல, அது இருக்கும் டைரக்டரியைத்தான்.

கேள்வி: டைரக்டரியை "இயக்குவது" என்றால் என்ன? அது புரோகிராம் இல்லையே?

நியாயமான கேள்வி. டைரக்டரிக்கு அந்த பிட்டின் (அனுமதிக் குறியின்) பொருளே வேறு. அதைத் தாண்டி உள்ளே போகலாம் என்று அர்த்தம். படிக்கும் அனுமதி, உள்ளே என்னென்ன பெயர்கள் உள்ளன என்று பார்க்க. உங்கள் ஹோம் டைரக்டரிக்கு 711 போட்டால் மற்றவர்களால் பட்டியலைப் பார்க்க முடியாது. ஆனால் ஒரு ஃபைலின் பெயர் தெரிந்து, அந்த ஃபைலுக்கும் அனுமதி இருந்தால் திறக்கலாம். 744 போட்டால் நேர்மாறு. பெயர்கள் தெரியும், ஒன்றையும் திறக்க முடியாது. கண்ணாடிக்குள் வைத்த பலகாரம் மாதிரி.

கேள்வி: சொந்தக்காரன் நான். குரூப்பில் இருப்பவர்கள் படிக்கிறார்கள், என்னால் முடியவில்லை. நானும் அந்தக் குரூப்தான்!

ஃபைலுக்கு 040 மாதிரி ஏதோ போட்டிருப்பீர்கள். நீங்கள் சொந்தக்காரரா என்றுதான் சிஸ்டம் முதலில் பார்க்கும். ஆம் என்றால் முதல் இலக்கத்தோடு கதை முடிந்தது, குரூப் பக்கம் திரும்பாது. சொந்தக்காரர் என்பதால் பெர்மிஷனை நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: நாலு பேர் ஒரே ஃபைல்களில் வேலை செய்ய வேண்டும். 777 போட்டுவிட்டால் தொல்லை இல்லையே அண்ணா?

தொல்லை அப்போதுதான் ஆரம்பம். நாலு பேருக்காக இருபது பேருக்கும் வாசலைத் திறக்கிறீர்கள். குரூப் என்று ஒன்று இருப்பதே இதற்குத்தான். நாலு பேரையும் ஒரு குரூப்பில் சேருங்கள். டைரக்டரியை அந்தக் குரூப்பின் பேருக்கு மாற்றி 2770 போடுங்கள். முன்னால் உள்ள 2 இருந்தால், உள்ளே உருவாகும் ஃபைல்கள் தாமாகவே அந்தக் குரூப்புக்குச் சேரும். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸான பிஎஸ்டியில் அந்த 2 இல்லாமலே அப்படித்தான் நடக்கும். இந்த வசதி வருவதற்கு முந்தைய சிஸ்டம் ஃபைவ் (ஏடி அண்ட் டியின் யுனிக்ஸ்) என்றால், வேலை தொடங்கும் முன் ஒவ்வொருவரும் நியூகுரூப் கட்டளை போட்டு அந்தக் குரூப்புக்கு மாறிக்கொண்டாக வேண்டும். எரிச்சல்தான், வேறு வழியில்லை.

அப்புறம் யூமாஸ்க், அதாவது புதிய ஃபைலில் எந்த அனுமதிகளை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லும் எண். பலர் விட்டுவிடுவது இதைத்தான். வழக்கமான 022 இருந்தால் புதிய ஃபைல் 644 ஆகப் பிறக்கும், குரூப்பால் எழுத முடியாது. நாலு பேரும் 007 வைத்துக்கொண்டால் 660 ஆகப் பிறக்கும்.

கேள்வி: பாஸ்வேர்டு ஃபைலில் எழுத ரூட்டுக்கு (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி லாகினுக்கு) மட்டும்தான் அனுமதி. பிறகு நான் எப்படி என் பாஸ்வேர்டை மாற்றுகிறேன்?

செட்யூஐடி. அந்த பிட் உள்ள புரோகிராம், இயக்குபவரின் அதிகாரத்தில் அல்ல, புரோகிராமின் சொந்தக்காரருடைய அதிகாரத்தில் ஓடும். பாஸ்வேர்டை மாற்றும் புரோகிராம் ரூட்டுக்குச் சொந்தம், அதனால் அந்த ஃபைலில் எழுத முடிகிறது. யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சியின் யோசனை. 1979-ல் பேட்டன்ட் கூடக் கிடைத்தது. என்னைக் கேட்டால் யுனிக்ஸிலேயே அழகான விஷயமும் ஆபத்தான விஷயமும் இதுதான். ஷெல் ஸ்கிரிப்டுக்கு (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஃபைலுக்கு) மட்டும் இதைப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எல்லோரும் தற்காலிக ஃபைல்களை வைக்கும் டெம்ப் டைரக்டரியின் பெர்மிஷன் கடைசியில் 't' என்று நிற்கிறதே?

ஸ்டிக்கி பிட். எல்லோரும் எழுதலாம், ஆனால் அடுத்தவர் ஃபைலை அழிக்க முடியாது. 1986-ல் வந்த 4.3 பிஎஸ்டியில் இப்படி ஆனது. அதற்கு முன் அதே பிட்டுக்கு வேலை வேறு: ஓடி முடிந்த புரோகிராமின் நகலை டிஸ்கின் ஸ்வாப் பகுதியிலேயே விட்டுவைப்பது.

கேள்வி: வேலையை விட்டுப் போனவரின் லாகினை நீக்கினேன். புதிதாக வந்தவருக்கு அவருடைய பழைய ஃபைல்கள் எல்லாம் சொந்தமாகிவிட்டன!

ஃபைலோடு டிஸ்கில் இருப்பது சொந்தக்காரரின் பெயர் இல்லை, அவருடைய லாகின் எண். பழைய எண்ணைப் புதியவருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். முதலில் ஃபைண்ட் கட்டளையால் அந்த எண்ணுக்குரிய ஃபைல்களைத் தேடி வேறொருவர் பேருக்கு மாற்றுங்கள். எண்ணை மறுபடி கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கேள்வி: நீங்கள் சொதப்பியதே இல்லையா சார்?

இல்லாமலா! ஒருவரின் ஹோம் டைரக்டரியில் புள்ளியில் தொடங்கும் ஃபைல்கள் ரூட் பேரில் இருந்தன. ரூட்டாகவே உள்ளே போய் சிஎச்ஓன் மைனஸ் ஆர் (உள்ளே உள்ளதையும் சேர்த்துச் சொந்தக்காரரை மாற்றும் கட்டளை) கொடுத்து, அவர் பெயரைப் போட்டு, கடைசியில் புள்ளி நட்சத்திரம், அதாவது புள்ளியில் தொடங்கும் எல்லாப் பெயர்களும், என்று அடித்தேன். அந்த ஷெல்லில் (கட்டளைகளை வாங்கி இயக்கும் புரோகிராமில்) புள்ளி நட்சத்திரத்துக்குள் புள்ளி புள்ளியும் அடக்கம், அதாவது மேல் டைரக்டரி. நான் சுதாரிப்பதற்குள் எல்லோருடைய ஹோமும் அவர் பேருக்குப் போய்விட்டது. நல்லவேளை, ஒவ்வொரு ஹோமிலும் இருந்தவை அந்தந்த யூசருக்கே உரியவை. பாஸ்வேர்டு ஃபைலைப் பார்த்து ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதித் திருப்பினேன். அன்றிலிருந்து ரூட்டாக நட்சத்திரம் போடும் முன் அதையே, கொடுத்ததைத் திரையில் காட்டும் எக்கோ கட்டளைக்குக் கொடுத்து, என்ன விரிகிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.