62 லட்சத்துக்குத் தனி நபர், 70 லட்சத்துக்கு டீலர்: எந்த காரை வாங்குவது?

கேள்வி: கோவையில் உதிரிபாகத் தொழில் நடத்துகிறேன். பழைய போர்ஷே 718 கேமன் ஒன்று வாங்க வேண்டும். இரண்டு கார்கள் பார்த்து வைத்திருக்கிறேன், இரண்டுமே 2018 மாடல். ஒன்று பெங்களூருவில் ஒரு தனி நபரிடம் இருக்கிறது. கர்நாடகப் பதிவு, 22,000 கி.மீ. ஓடியது, விலை 62 லட்சம். வங்கிக் கடன் 14 லட்சம் பாக்கி இருப்பதாகச் சொல்கிறார், 10 லட்சத்தை ரொக்கமாகக் கேட்கிறார். இன்னொன்று சென்னையில் பழைய சொகுசு கார் விற்கும் டீலரிடம் இருக்கிறது. தமிழ்நாடு பதிவு, 70 லட்சம், 'ஆறு மாத வாரண்டி' உண்டு என்கிறார். அவரிடம் 1 லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டேன். சட்டப்படி எது பாதுகாப்பு? காரைக் கம்பெனி பெயரில் வாங்கலாமா? டீலரிடம் வேண்டாம் என்று முடிவு செய்தால் முன்பணம் திரும்ப வருமா?

பதில்: டீலருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் 8 லட்சத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது ஒன்றுதான்: நாளை தகராறு என்றால் 'இவர்தான் எனக்கு விற்றார்' என்று நுகர்வோர் ஆணையத்தின் முன் நிறுத்த ஓர் ஆள். அந்த ஆள் காகிதத்தில் இருக்கிறாரா என்பதை முதலில் பாருங்கள். பல ஷோரூம்களில் இருப்பது 'பார்க் அண்ட் சேல்' கார். உரிமையாளர் வேறு ஒருவர், டீலர் இடம் கொடுத்து கமிஷன் வாங்குகிறார். பில்லில் 'சேவைக் கட்டணம்' என்று ஒரு தொகையும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் மட்டும் இருக்கும். காரின் விலை முகம் தெரியாத ஒருவரின் கணக்குக்குப் போகும். அப்படியானால் நீங்கள் தனி நபரிடமே வாங்குகிறீர்கள், டீலர் விலைக்கு.

இதைக் கண்டுபிடிக்க டீலரிடம் மூன்று காகிதங்களைக் கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி (55ஏ முதல்) பழைய வாகன டீலர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும். அது படிவம் 29பி. உரிமையாளர் காரை டீலரிடம் ஒப்படைத்ததை அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹனில் தெரிவிக்கும் படிவம் 29சி. அது பதிவானால் டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். மூன்றாவது, டீலரின் ஜி.எஸ்.டி. எண்ணோடு, அவர் பெயரே விற்பவர் என்று போட்டு, காரின் முழு விலையும் சேஸிஸ் எண்ணும் உள்ள பில்லின் மாதிரி. 29சி இல்லை, பில் வேறு பெயரில் என்றால் 70 லட்சம் கொடுப்பதில் அர்த்தம் இல்லை. விலையைக் குறையுங்கள், அல்லது விலகுங்கள்.

டீலர் தன் பெயரிலேயே விற்றால் உங்கள் நிலை நிஜமாகவே வலுவானது. தொழிலாக விற்பவர் என்பதால் சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இன் பிரிவு 16, பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற பொறுப்பை அவர் மேல் சுமத்துகிறது. நீங்கள் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு மட்டும் அவர் பொறுப்பில்லை. பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'உள்ளது உள்ளபடி' என்ற வாசகம் இருக்கிறதா பாருங்கள். அதே சட்டத்தின் பிரிவு 62-படி இந்தப் பொறுப்பை ஒப்பந்தத்தால் தள்ளிவிட முடியும், அதற்காகத்தான் அதை அச்சடிக்கிறார்கள். அதை அடித்துக் கையெழுத்து வாங்குங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழியும் டீலரிடம் வாங்கினால்தான் திறக்கும். கொடுத்த விலை 50 லட்சத்தைத் தாண்டினால் மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். 50 லட்சம் முதல் 1 கோடி வரையிலான வழக்குக்குக் கட்டணம் 2,000 ரூபாய்தான். கெடு இரண்டு ஆண்டு. பெங்களூரு நபர் வியாபாரி இல்லை என்பதால் அவர் மேல் சிவில் வழக்குதான் போட முடியும். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 3%. 10 லட்சம் நஷ்ட ஈடு கேட்டால் 30,000 ரூபாய் கட்டிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். அதுவும் கோவையில் போட வேண்டுமானால் ஒப்பந்தம் கோவையில் கையெழுத்தாகியிருந்தால் நல்லது. இல்லையென்றால் வாய்தாவுக்கு வாய்தா பெங்களூரு பஸ் ஏற வேண்டும்.

வாரண்டி என்ற சொல்லை நம்பி மட்டும் பணம் கட்டாதீர்கள். யார் தருகிறார்? டீலரா, வெளியில் உள்ள வாரண்டி கம்பெனியா? ஒரு கிளைமுக்கு உச்சவரம்பு எவ்வளவு? பிடிகே என்ற போர்ஷேயின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் டர்போவும் உள்ளே வருகின்றனவா, 'தேய்மானம்' என்று வெளியே போகின்றனவா? எந்த ஒர்க்‌ஷாப்பில் சரிசெய்வார்கள்? பல லட்சம் செலவு வைக்கும் கியர்பாக்ஸுக்கு ஒரு லட்ச ரூபாய் வரம்பு வைத்த வாரண்டி எதற்கு ஆகும்? இந்தப் பதில்களை எழுத்தில் வாங்கிய பிறகுதான் அதற்கு ஒரு மதிப்புப் போட முடியும்.

70 லட்சத்தில் எது அடக்கம் என்பதையும் கேளுங்கள். பழைய காருக்கு ஜி.எஸ்.டி. 18% என்பது டீலரின் லாப வித்தியாசத்துக்கு மட்டும். அவர் 60 லட்சத்துக்கு வாங்கி 70-க்கு விற்றால் வரி அந்த 10 லட்சத்துக்குத்தான், அதாவது 1.8 லட்சம். முழு விலைக்கும் 18% என்று 12.6 லட்சம் நீட்டினால் கேள்வி கேளுங்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார் என்பதால் 1% டி.சி.எஸ். (விற்பவர் உங்களிடம் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி), அதாவது 70,000 ரூபாய், தனியாகப் பிடிப்பார். அது உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

இனி பெங்களூரு கார். 8 லட்சம் லாபம் என்று நினைக்கிறீர்கள். அதில் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டு ஆயுள் வரி சாப்பிட்டுவிடலாம். 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 2023 நவம்பர் முதல் இங்கே 20%. வேறு மாநிலத்திலிருந்து வரும் பழைய காருக்கு வயதைப் பொறுத்து விகிதம் குறையும் என்றாலும், கணக்கிடுவது கார் புதிதாக விற்ற விலையை வைத்து. நீங்கள் கொடுக்கும் 62 லட்சம் கணக்கில் வராது. அசல் இன்வாய்ஸ் நகலோடு கோவை ஆர்.டி.ஓ.வில் தொகையைக் கேட்டுக்கொண்டு பிறகு பேரம் பேசுங்கள். கர்நாடகத்தில் கட்டிய ஆயுள் வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். அது உங்களுக்கா, விற்பவருக்கா என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதாவிட்டால் பின்னால் அதற்கு ஒரு சண்டை வரும்.

கடன் பாக்கிதான் இந்த காரில் பெரிய கண்ணி. 'பணம் கொடுங்கள், நான் அடைத்துவிடுகிறேன்' என்பதற்கு மட்டும் சம்மதிக்க வேண்டாம். வங்கியிடமிருந்து ஃபோர்குளோஷர் கடிதம் வாங்கச் சொல்லுங்கள். கடன் கணக்கு எண், அன்றைய தேதிக்கு அடைக்க வேண்டிய தொகை இரண்டும் அதில் இருக்கும். அந்தத் தொகையை நீங்களே நேராக அந்தக் கடன் கணக்கில் கட்டுங்கள். வங்கி, ஆட்சேபணை இல்லை என்ற சான்றான என்.ஓ.சி.யும், கடன் பதிவை நீக்கக் கையெழுத்திட்ட படிவம் 35-உம் கொடுக்கும். ஆர்.சி.யில் 'ஹெச்.பி.' என்ற கடன் குறிப்பு நீங்கிய பிறகு படிவம் 28-இல் கர்நாடக ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி., பிறகு பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30. மீதிப் பணத்தில் ஒரு கணிசமான பங்கை, 10 லட்சமாவது, ஆர்.டி.ஓ. என்.ஓ.சி. கைக்கு வரும் நாள் வரை நிறுத்தி வையுங்கள். அபராதச் சலான் பாக்கி, திருட்டு வழக்கு எதுவும் இருந்தால் அந்தக் கட்டத்தில்தான் வெளியே வரும். பெயர் போடாத வெற்றுப் படிவம் 29-இல் கையெழுத்து வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். பெயர் மாற்றத்துக்கு உங்களுக்கு 30 நாள்தான் கெடு. ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே விபத்து வழக்கில் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டதால், விற்பவருக்கும் இதில் அவசரம் இருக்க வேண்டும். அவர் அவசரப்படாவிட்டால் ஏன் என்று யோசியுங்கள்.

ரொக்கம்: ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தடை. ரொக்கத்தைப் பெறுபவருக்கு, அதாவது விற்பவருக்கு, அதே அளவு அபராதம். 'அபராதம் அவருக்குத்தானே' என்று இருந்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் 52 லட்சம் என்று எழுதினால், காரில் மோசடி என்று தெரிந்து பணத்தைத் திரும்பக் கேட்கும் நாளில் உங்கள் வழக்கும் 52 லட்சத்துக்குத்தான்.

கிலோமீட்டரையும் விபத்தையும் பற்றி அவர் வாயால் சொன்னது போதாது. தனி நபர் விற்பனையில் தரத்துக்கு மறைமுக உத்தரவாதம் எதுவும் சட்டம் தருவதில்லை. எழுதி வாங்கியதுதான் மிஞ்சும். இன்னொரு சிக்கல், ஒப்பந்தச் சட்டம் பிரிவு 19-இன் விதிவிலக்கு: அவர் ஒரு குறையைச் சொல்லாமல் மறைத்தார் என்றாலும், சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் நீங்களே கண்டுபிடித்திருக்கலாம் என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. ஆகவே இரண்டு வேலை. கேள்விகளை வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்: ஓடிய தூரம் உண்மையா, விபத்து உண்டா, தண்ணீரில் மூழ்கியதா, இன்ஜின் ட்யூனிங் செய்ததா, எத்தனையாவது உரிமையாளர். அந்தப் பதில்களையே ஒப்பந்தத்தில் உறுதிமொழியாகச் சேருங்கள். அந்த போனை மாற்றாதீர்கள். வாட்ஸ்அப் உரையாடலை நீதிமன்றத்தில் கொடுக்க பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-இன் சான்றிதழ் தேவைப்படும்.

இரண்டாவது வேலை, அங்கீகரிக்கப்பட்ட போர்ஷே ஒர்க்‌ஷாப்பில் உங்கள் செலவில் சோதனை. மீட்டரைத் திருத்தினாலும் இன்ஜின் கணினியில் ஓடிய மணி நேரம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். 22,000 கி.மீ. காட்டும் காரில் 1,400 மணி நேரம் பதிவாகியிருந்தால் சராசரி வேகம் மணிக்கு 16 கி.மீ.கூட வராது. பெங்களூரு நெரிசலுக்கும் அது ரொம்பக் குறைவு, விளக்கம் கேட்க வேண்டும். பெயின்ட் தடிமன் மீட்டரில் ஒரு கதவு மட்டும் மற்ற இடங்களைவிட இரண்டு மூன்று மடங்கு காட்டினால் அங்கே பட்டி பார்த்து அடித்திருக்கிறார்கள். சேஸிஸ் எண்ணை ஆர்.சி., பாலிசி, சர்வீஸ் பதிவு மூன்றோடும் ஒப்பிடுங்கள். ஆர்.சி.யில் வெள்ளை, நேரில் மஞ்சள் ஸ்டிக்கர் சுற்றி ஒட்டியிருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டியது உங்கள் தலையில் விழும்.

இன்னும் மலிவான சோதனை ஒன்று உண்டு, யாரும் செய்வதில்லை. கடந்த ஐந்தாண்டு பாலிசிகளின் நகலைக் கேளுங்கள். கிளைம் இல்லாவிட்டால் நோ கிளைம் போனஸ் 20, 25, 35, 45, 50% என்று ஏறிக்கொண்டே போகும். 45-இல் இருந்தது திடீரென்று பூஜ்யமானால் அந்த ஆண்டு கிளைம் வாங்கியிருக்கிறார்கள். சென்னை கார் என்றால் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தை ஒட்டிய பாலிசியைக் கட்டாயம் பாருங்கள். போனஸைப் பாதுகாக்கும் ஆட்-ஆன் இருந்தால் இது தெரியாமல் போகலாம். அப்போது காப்பீட்டு நிறுவனத்திடம் கிளைம் விவரத்தை விற்பவரே கேட்டு வாங்கித் தர வேண்டும்.

இந்தியாவில் உள்ள போர்ஷே விற்பனையகம் புதிதாக விற்ற கார்தானா என்பதை அசல் இன்வாய்ஸில் பாருங்கள். தனியாக இறக்குமதியான கார் என்றால் சுங்க ஆவணமான பில் ஆஃப் என்ட்ரி இல்லாமல் தொடவே வேண்டாம். கொச்சி சுங்கத்துறை சம்பந்தப்பட்ட ஒரு போர்ஷே கரேரா வழக்கில், பின்னால் வாங்கியவர் இறக்குமதியாளர் ஆகமாட்டார், அவரிடம் தீர்வை கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வாங்கியவர் ஜெயித்தார், ஆனால் அதற்கு டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

எந்த காரானாலும் சாவி வாங்கும் நாளில் கவனிக்க வேண்டியது இன்சூரன்ஸ். மூன்றாம் நபர் காப்பீடு உரிமையோடு சேர்ந்து உங்களுக்கு வந்துவிடும். காரின் சேதத்துக்கான பகுதி தானாக வராது. 14 நாளுக்குள் விண்ணப்பித்து உங்கள் பெயரில் மாற்ற வேண்டும். அதுவரை கார் நொறுங்கினால் நிறுவனம் கையை விரிக்கலாம். பழைய உரிமையாளரின் போனஸும் அவருடனேயே போய்விடும், அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். 62 லட்சம் கொடுத்த கையோடு அன்றிரவே ஓசூர், சேலம் வழியாக ஓட்டி வரும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பாலிசி மாறும் வரை காத்திருங்கள், அல்லது சரக்குக் காப்பீடு உள்ள ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்றுங்கள்.

கம்பெனி பெயரில் வாங்கலாம். இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கிய சொகுசு கார் 'வணிக நோக்கம்' ஆகாது என்று 2024-இல் ஒரு மெர்சிடிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், நுகர்வோர் வழக்கு அடிபடாது. கார் யாருடைய பயன்பாட்டுக்கு என்று இயக்குநர் குழுத் தீர்மானத்தில் எழுதி வையுங்கள்.

என் கருத்தில், 29சி-யும் தன் பெயரில் முழு பில்லும் தருகிறார் என்றால் சென்னை டீலரின் காரை எடுங்கள். தமிழ்நாட்டுப் பதிவு என்பதால் ஆயுள் வரியும் மிச்சம். முன்பணத்தைப் பொறுத்தவரை, நீங்கள் மனம் மாறி விலகினால் புக்கிங் படிவத்தில் 'திரும்பத் தரப்படாது' என்று இருக்கும்போது முழுத் தொகையும் வருவது கடினம். காகிதம் தராமல் அவர் இழுத்தடித்தால் தவறு அவருடையது, பணம் திரும்ப வேண்டும். ஆகவே இப்போதே மின்னஞ்சலில் எழுதுங்கள்: 29பி, 29சி, பில் மாதிரி, ஐந்தாண்டு பாலிசி நகல், வாரண்டி விதிமுறை, போர்ஷே ஒர்க்‌ஷாப்பில் சோதனைக்கு அனுமதி. ஏழு நாள் கெடு கொடுங்கள். தராவிட்டால் 1 லட்சத்தைத் திருப்பித் தரும்படி அதே மின்னஞ்சல் தொடரிலேயே கேளுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் வக்கீல் நோட்டீஸ், அதன் பிறகு கோவை மாவட்ட ஆணையம். இதுவரை நீங்கள் கொடுத்தது 1 லட்சம் மட்டுமே என்பதால் இந்த வழக்குக்குச் சென்னை போக வேண்டியதில்லை, 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது.